வயலுக்கு வர மறுத்த கேமரா

கேமரா தெரியவில்லை என்று ஒருவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். டிரைவரை அழித்துவிட்டு மறுபடியும் போடுவீர்கள். தலைவலி என்று போனாலும் முழங்கால் வலி என்று போனாலும் அதே மாத்திரையை எழுதிக் கொடுக்கும் டாக்டரைப் பற்றி வெளியே வந்து என்ன பேசுவீர்களோ, அதைத்தான் அந்த நேரத்தில் உங்களைப் பற்றி நான் பேசுவேன். வேலையில் இருந்த காலத்தில் முகத்துக்கு நேராகவே பேசியிருக்கிறேன். இந்த அம்மாவிடம் திட்டு வாங்காமல் தஞ்சாவூரில் யாரும் மதர்போர்டைத் தொட்டதில்லை என்று சிலர் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். அதில் பாதி உண்மை, மீதி அவர்கள் சேர்த்துக்கொண்டது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தொழில்நுட்பம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. எந்த மாடலில் எந்த ஸ்க்ரூ எங்கே ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே வீடியோவாகக் கிடைக்கிறது. அதில் பேசுகிறவருக்கு என்னைவிடப் பொறுமையும் அதிகம். ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பு, வாயைத் திறப்பதற்கும் முன்பு, யோசிக்க வேண்டிய ஒரு நிமிடம் இருக்கிறது. அது எந்த வீடியோவிலும் வராது. அப்படி ஒரு நிமிடத்தில் நான் மாட்டிக்கொண்டு முழித்த கதையைச் சொல்கிறேன்.

கேமரா பழுது என்று வருவதில் பெரும்பாலானவை பழுதே கிடையாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வருகிறவற்றை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொட்டு வைக்க இடம் தேடிய கை, திரைக்கு மேலே நட்டநடுவில், சரியாக லென்ஸின் மேல் சந்தனத்தை அப்பியிருக்கும். சில மாடல்களில் லென்ஸுக்கு முன்னால் நகத்தளவு ஒரு மூடி உண்டு. அதைத் தள்ளி மூடிவிட்டு, மூடியதையும் மறந்துவிட்டு வருவார்கள். ஒரு பேராசிரியர் அப்படி வந்தபோது, ஏதோ பெரிய வேலை போல மடிக்கணினியை உள்ளே எடுத்துக்கொண்டு போய், மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவருடைய மாணவர்கள் கூடவே வந்திருந்தார்கள், பாவம்.

கலியபெருமாள் என்பவர் கொண்டுவந்த கேமரா இந்த இரண்டு வகையிலும் சேரவில்லை.

கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். குடவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, சலவை வேட்டி, கையில் உரச் சாக்கில் தைத்த பை. பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் மடிக்கணினி. பச்சைக் குழந்தையைக் கொடுப்பது போல என்னிடம் கொடுத்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும், அதுவரை யாரும் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இந்தக் கேமரா கெட்டுப்போயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

சரிசெய்து கொடுங்கள் என்று கேட்கவில்லை. கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லுங்கள் என்கிறார். மற்றவர்களெல்லாம் ‘ஒன்றும் ஆகியிருக்காதே’ என்று பயந்துகொண்டு கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். சரி, பார்ப்போம் என்று திறந்து கேமராவைப் போட்டேன். திரைக்கு மேலே சின்ன விளக்கு எரிந்தது. அவருடைய முகம், நெற்றியில் விபூதி, பின்னால் எங்கள் கடைக் காலண்டர், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். பரீட்சை ரிசல்ட்டில் தன் நம்பரைக் காணாதவர் போல அவர் முகம் தொங்கிப்போயிற்று. வருகிற வழியில் வேறொரு கடையிலும் இதையே சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மகன் கத்தாரில் வேலை பார்க்கிறார். மருமகளும் அங்கேதான். பேரன் பிறந்திருப்பதால் கலியபெருமாளின் மனைவியும் போயிருக்கிறார். ஊரில் இவரும் நிலமும்தான். நிலம் மகன் பெயரில் இருக்கிறது. மனை போடுகிறவர்கள் அதைக் கேட்டு வந்தார்கள், மகனுக்கும் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். அந்த மகனையும் குறை சொல்ல முடியாது. போன வருடம் அறுவடை நேரத்து மழையில் சம்பாப் பயிர் மூழ்கி அழுகிவிட்டது. மருமகள் மாசமாக இருக்கும்போது அவர்களுக்கு எதற்குக் கவலை என்று, மகசூல் நன்றாக வந்ததாக இவர் சொல்லிவிட்டார். ஊர்க்காரர் யாரோ அங்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"போன வருஷம் ஒரு பொய் சொன்னேம்மா. அதனால இந்த வருஷம் சொல்ற உண்மை எடுபட மாட்டேங்குது" என்றார்.

இந்த வருடம் பயிர் நன்றாக நிற்கிறது. மகனிடம் சொன்னால் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மனைக்காரர்களுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, காட்டிவிடலாம் என்றால் கேமரா ஒத்துழைக்க மறுக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது ஒரு குறையும் இல்லை. பேரன் சிரிப்பது இங்கே தெரிகிறது, தாத்தா சிரிப்பது அங்கே தெரிகிறது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் இறங்கி வரப்பில் கால் வைத்தால் படம் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அந்த மகன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அதையேதான் அவரும் நினைத்தார்.

செல்போனில் காட்ட வேண்டியதுதானே என்று பக்கத்து மேசையிலிருந்த என் சக ஊழியர் கேட்டார். எதிலும் சுருக்கு வழி தேடுகிற ஆள் அவர். கலியபெருமாளின் ஸ்மார்ட் போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது. அதற்கு முன்பு இருந்ததும் அதே வாய்க்காலில்தான் விழுந்தது. மகன் கோபித்துக்கொண்டு, உங்களுக்குப் பட்டன் போனே போதும் என்று சொல்லி, வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினிக்கு இன்டர்நெட்டுக்காகச் செருகும் ஒரு நெட் குச்சி மட்டும் ஏற்பாடு செய்து கொடுத்தார். பக்கத்து வயல்காரர் தன் போனில் பயிரை வீடியோ எடுத்து அனுப்பிப் பார்த்தார். பச்சையாக இருக்கிற வயலெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், அது யார் வயலோ என்று பதில் வந்தது. சந்தேகப்படுவதில் அந்த மகன் நம் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவர்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். கேமராவை ஓடவிட்டு வேறு வேலையைக் கவனித்தேன். திரை இருக்கும் மேல் மூடியைத் திறந்து மூடினேன், பின்னால் சாய்த்தேன், லேசாகத் தட்டினேன். ஒரு தடவைகூடப் படம் போகவில்லை. வரப்பில் யாராவது சூனியம் வைத்திருப்பார்கள் என்று சக ஊழியர் முணுமுணுத்துச் சிரித்தார். பழுது இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பது அவர் யோசனை. எனக்கும் பசிதான்.

அப்போது அந்த மடிக்கணினியிலேயே அழைப்பு வந்தது. கடைக்குப் போவதைக் கலியபெருமாள் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். மகன் வேலையிடத்திலிருந்து, தலையில் ஹெல்மெட்டோடு, இடைவேளையில் பேசினார். எங்கள் மேசையும் எங்கள் முகங்களும் அங்கே அருமையாகத் தெரிந்தன. அதுதான் வினையே. அப்பாவை நலம் விசாரிக்கக்கூட இல்லை, நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், எங்கப்பாவையும் உங்களுக்குத் தெரியாது, என்னையும் தெரியாது. அதனால கேக்குறேன். கேமரா நல்லா இருக்கா, கெட்டுப்போயிருக்கா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கலியபெருமாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உரச் சாக்குப் பையை மடியில் வைத்து, அதன் சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, நான் சொன்ன நிமிடம் இதுதான். ‘நன்றாக இருக்கிறது’ என்று நான் சொல்லியிருந்தால் அது உண்மை. நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒரு மடிக்கணினியைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் சொல்லும் அந்த வார்த்தை, கத்தாரில் போய் இறங்கும்போது ‘உங்கப்பா பொய் சொல்கிறார்’ என்று இறங்கியிருக்கும். ‘கெட்டுப்போயிருக்கிறது’ என்று சொல்லலாமா? எனக்கு அந்தப் பெரியவரைப் பிடித்துப்போயிருந்தது, நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இரக்கப்பட்டுச் சொன்ன பொய் ஒன்றுதான் அந்தக் குடும்பத்தை இந்தப் பாடு படுத்துகிறது. இன்னொன்றை நானும் போட்டு வைக்க வேண்டுமா?

இப்படிப்பட்ட நேரத்தில் பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். கேள்விக்கு இரண்டு பயன் உண்டு. ஏதாவது தெரியவரும், இல்லாவிட்டால் யோசிக்க நேரமாவது கிடைக்கும். நான் நேரத்துக்காகத்தான் கேட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வயலில் படம் போகும்போது என்ன நடக்கிறது, அப்படியே சொல்லுங்கள் என்று பெரியவரிடம் கேட்டேன்.

"பார்க்குறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒரு சத்தம்தான் வரும். இந்த நெட்டுக் குச்சியப் புடுங்கினா டொடங்னு ஒண்ணு கேக்கும்ல, அதே சத்தம். குச்சி அது பாட்டுக்கு இருந்த எடத்துலதான் இருக்கும். தம்பி பேசுறதும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். படம் மட்டும் போயிடும்."

எனக்குப் பசி பறந்துவிட்டது. உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும், புரியாவிட்டால் திட்டு நிச்சயம். உள்ளேயே பொருத்தப்பட்ட கேமராவாக இருந்தாலும், மடிக்கணினியைப் பொறுத்தவரை அதுவும் வெளியே செருகும் குச்சியைப் போல ஒரு இணைப்புதான். இணைப்பு அறுந்தால் அந்தச் சத்தம் வரும். கேமராவைக் கையால் மறைத்தால் வராது. பேசும்போது படத்தை மட்டும் நிறுத்தும் பொத்தானை அமுக்கினாலும் வராது. நெட் போயிருந்தால் பேச்சும் சேர்ந்து போயிருக்கும். ஆக, அந்த வரப்பில் உள்ளே எங்கேயோ ஒரு ஒயர் உண்மையிலேயே விட்டுப்போகிறது. பொய் சொல்ல நினைக்கிற ஒருவருக்கு இந்தச் சத்தத்தைக் கற்பனை செய்யத் தோன்றாது.

ஆனால் இதை மகனிடம் விளக்கிக்கொண்டிருந்தால், கடைக்காரியையும் அப்பா சரிக்கட்டிவிட்டார் என்றுதான் நினைப்பார். அதனால் இவ்வளவுதான் சொன்னேன்.

"இங்க நல்லா இருக்கு. அதுக்கு மேல எனக்கு இப்பத் தெரியாது. உங்க வயல்ல வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

வயலிலா என்று கேட்டார். கேமரா எங்கே கெட்டுப்போகிறதோ அங்கேதானே பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, திங்கட்கிழமை மனைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஞாயிறு வரை பொறுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் சக ஊழியர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கேமராவுக்காகக் குடவாசல் வரை போகிற ஆள் இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான் என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேறு வேலை இருந்தது, அங்கிருந்து குடவாசலுக்குப் பஸ் இருக்கிறது. போக முடியாத இடத்துப் பழுதாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். போக முடிந்தது, போனேன்.

வீட்டில் கலியபெருமாள் தானே காபி போட்டுக் கொடுத்தார். மனைவி ஊரில் இல்லாத வீட்டுக் காபி அது, சர்க்கரைக்குக் கணக்கே இல்லை. கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்துக் கத்தாரைக் கூப்பிட்டார். மகன் வந்தார், மருமகள் வந்தார், பேரன் வந்து கேமராவை நக்கப் பார்த்தான். படம் சுத்தமாக இருந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை. தினமும் எப்படிக் காட்டுவீர்களோ அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், நான் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டேன்.

என் போனை எடுத்துக் காட்டியிருந்தால் ஒரே நொடியில் வயல் தெரிந்திருக்குமே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். வயல் தெரிந்திருக்கும். இத்தனை நாளாகக் கேமராவைப் பற்றி அவர் சொன்னது உண்மை என்பது தெரிந்திருக்காது. அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

கலியபெருமாள் எழுந்தார். படம் எடுக்கும் கண் தன் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால், வயலைக் காட்ட வேண்டுமானால் திரையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மூடியை முழுவதுமாகப் பின்னால் சாய்த்தார். மூடியின் மேல் மூலையை வலது கையால் பிடித்து, சாமி படத்தைத் தூக்கிப் பிடிப்பது போல மார்புக்கு முன்னால் தூக்கினார். கீபோர்டு இருக்கும் கனமான பாகம் கீழே தொங்கியது. இவ்வளவு கனத்தை ஏன் ஒரு கையால் தூக்குகிறார் என்று நான் யோசிப்பதற்குள் இடது கை கீழே போய் வேட்டியின் ஓரத்தை எடுத்துக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டது. அப்படியே கொல்லைக் கதவைத் தாண்டி, சேறாகிக் கிடந்த வரப்பில் ஏறினார்.

டொடங்.

"பாத்தீங்களா மேடம்? வரப்புல ஏறின உடனே" என்றார் மகன். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

பெரியவரை அசையாமல் நிற்கச் சொன்னேன். தொங்கிக்கொண்டிருந்த பாகத்தைக் கீழிருந்து உள்ளங்கையால் தாங்கினேன். மறுபடி ஒரு சத்தம், கத்தாரில் படம் வந்தது. கையை எடுத்தேன், போயிற்று. தாங்கினேன், வந்தது. மூடியும் அடிப்பாகமும் சேரும் கீல் வழியாகத்தான் கேமராவுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது. அந்த ஒயர் பாதி அறுந்திருந்தது. மேசையில் வைத்தால் தொட்டுக்கொண்டிருக்கும், ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் கீல் முறுக்கி விட்டுப்போகும். நான் கடையில் மூடியைச் சாய்த்துப் பார்த்தேனே தவிர, இப்படித் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. மடிக்கணினியை யாராவது தொங்கவிடுவார்களா?

 இன்னொரு தடவை விடுங்க மேடம் என்றார் மகன். விட்டேன். இன்னொரு தடவை என்றார். மறுபடியும் விட்டேன். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒயரை அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்தேன், அதில் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அன்றைக்கு வயலைக் காட்ட ஒயர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கையாலும் அடிப்பாகத்தைத் தாங்கிப் பிடித்தால் போதும். அதைச் சொன்னேன். கலியபெருமாள் தன் இடது கையைப் பார்த்தார். அப்புறம் வேட்டி என்னாவது என்றார். மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். வயலில் நிற்கும் எந்த ஆம்பளையும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்பதில்லை. இவரும் மற்ற நேரங்களில் அப்படித்தான் நின்றிருப்பார். ஆனால் இப்போது மாட்டேன் என்று தலையை ஆட்டினார். என் காதருகே குனிந்து மிக மெல்லச் சொன்னார்.

"மருமக லைன்ல இருக்கும்மா."

மருமகளுக்கு முன்னால் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி நிற்கக் கூடாது. அதற்காகத்தான் ஒரு கையை வேட்டிக்கும் ஒரு கையை மடிக்கணினிக்குமாகப் பங்கு போட்டிருக்கிறார். இத்தனை நாள் கீலை முறுக்கி, ஒயரை அறுத்து, மகனிடம் பொய்யர் பட்டம் வாங்கி, நிலத்தையே இழக்கப் பார்த்தது இந்த மரியாதையால்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் குரல் எப்போதும் கடைக் குரல். கேமரா வயலைத்தானேங்கய்யா பார்க்கிறது, உங்கள் வேட்டி மருமகளுக்கு எப்படித் தெரியும் என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்ல" என்றார் அவர்.

நான் அடிப்பாகத்தை மறுபடியும் தாங்கிப் பிடித்தேன். 

கத்தாரில் எல்லாம் கேட்டிருக்கிறது. மருமகளின் குரல் வந்தது, அதிலும் சிரிப்பு இருந்தது. "மாமா, நீங்க மடிச்சுக் கட்டிக்குங்க. நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போறேன்."

கலியபெருமாள் கொஞ்சம் பொறுத்து, போயிடுச்சா தம்பி என்று மகனிடம் உறுதிப்படுத்திக்கொண்டார். போயாச்சுப்பா என்று பதில் வந்த பிறகும் வேட்டியில் கை வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் ஒரு பொம்பளைதானே. மடிக்கணினியை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி, தூரத்தில் நின்ற கொக்குகளைக் கவனமாகப் பார்த்தேன். திரும்பச் சொன்ன பிறகுதான் திரும்பினேன். அதற்குள் என் ஒரு கால் சேற்றில் முழங்கால் வரை இறங்கியிருந்தது, செருப்பு இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இரண்டு கையாலும் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு அவர் வரப்பில் நடந்தார். ‘டொடங்’ கேட்கவில்லை. பயிர் தூர் கட்டி, அடர்ந்து நின்றது. தண்ணீர் தெளிவாக இருந்தது. எனக்கு விவசாயம் தெரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது. மகனிடம் சொல்ல இவர் நிறையப் பேச்சை மனதுக்குள் தயார் செய்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் வயலை மட்டும் காட்டிக்கொண்டு நடந்தார்.   பழுதைக் காட்டிவிட்டோம், வயலையும் காட்டிவிட்டோம், இதற்கு மேல் நம் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மூன்றாவது வரப்பில் திரும்பும்போது மகன், நில்லுங்கப்பா என்றார்.

"கொஞ்சம் கீழ காட்டுங்க. இன்னும் கீழ. அந்த மூலையில நிக்குறது என்னது, கோரையா?"

"கோரைதான் தம்பி. நாளைக்குக் களையெடுக்க ஆள் வருது."

"நாளைக்கா? பயிரு தூர் கட்டுற நேரத்துல கோரைய இவ்வளவு மண்ட விட்டுட்டு நாளைக்குங்குறீங்க. போட்ட உரத்தையெல்லாம் அதுதானே தின்னுருக்கும்?"

அதோடு விடவில்லை. தண்ணீர் பாயும் வாய்மடையை ஏன் இவ்வளவு அகலமாக வெட்டி விட்டிருக்கிறீர்கள், மேட்டுப் பங்கில் தண்ணீர் ஏறுகிறதா இல்லையா, அந்த வரப்பில் நண்டு வளை போட்டிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று வரிசையாகக் கேட்டார். கேட்கக் கேட்கக் குரல் ஏறியது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு பாலைவனத்தில் வேலை பார்க்கும் மனிதருக்கு நண்டு வளை தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. கலியபெருமாள் ஒவ்வொன்றுக்கும் சரி தம்பி, சரி தம்பி என்றார். அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு முகமலர்ச்சியோடு நின்ற மனிதரை நான் பார்த்ததே இல்லை. திட்டுவதைத் தொழிலாகவே செய்தவள் சொல்கிறேன்.

அவருக்கு அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. மடிக்கணினியை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் மூடியின் பின்பக்கத்தை இறுகப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பேச்சு அங்கே கேட்காமல் இருக்க அந்த இடத்தைத்தான் பொத்த வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

"திட்டுறான் பாருங்கம்மா. விக்கப்போறவன் கோரைக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கிறான்?"



"கேக்குதுப்பா" என்றார் மகன். "மொதல்ல கோரைய எடுங்க."